ஓட்டை விழாத ஸ்வெட்டர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், மழை மூட்டத்தோடு பொழுது சாயும் நேரத்தில், தோட்டத் தொழிலாளி ஒருவர் நெஞ்சில் குண்டு பாய்ந்து விழுந்தார்.

2. கூட இருந்தது அவர் மனைவியின் தம்பி. கல்யாணம் ஆகாதவன். அக்கா, மச்சான், அவன் மூவரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரே வீட்டில் இருந்தார்கள். தம்பி மச்சானைத் தோளில் போட்டு ஜீப் பாதை வரை இறக்கிக்கொண்டு வந்தான். ஜீப் போடிக்கு வந்து சேருமுன் உயிர் போய்விட்டது.

3. உடலிலிருந்து எடுத்தவை சைக்கிள் சக்கரத்துக்குள் போடும் பால்ரஸ் குண்டுகள்.

4. இறந்தவரின் பூர்வீக வீடு போடியில். மறுநாள் அங்கிருந்து ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நடந்து வெடி போட்டது தம்பி.

5. சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றவனைக் காவல்துறையினர் அழைத்துப் போனார்கள். இரண்டு கைகளையும் ஒட்டும் பொத்தானால் தொட்டும் பஞ்சால் துடைத்தும் மாதிரி எடுத்தார்கள்.

6. அங்கேயே செய்த நிறச் சோதனையில் பஞ்சு நீலமானது.

7. காப்பிச் செடிகளுக்கு அடியில் ஒரு நாட்டுத் துப்பாக்கி கிடைத்தது. பன்றிக்காக யாரோ மரத்தில் கட்டி வைத்திருந்தது, மச்சான் கால் கம்பியில் பட்டு வெடித்துவிட்டது என்றான் தம்பி.

8. பொட்டலங்கள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன. என் மேசைக்கு ஒதுக்கப்பட்டன.

மேலே ஏழாவதாக உள்ளது அந்த மலையில் நடக்காத காரியமில்லை. பன்றி வரும் தடத்தில் துப்பாக்கியை மரத்தோடு சேர்த்துக் கட்டி, விசையிலிருந்து தடத்துக்குக் குறுக்கே கம்பி இழுத்து விடுவார்கள். வருவது பன்றியா ஆளா என்று கம்பிக்குத் தெரியாது. ஆகவே கேள்வி ஒன்றுதான். துப்பாக்கி கட்டி வைத்திருந்ததா, இல்லை தம்பி கையில் இருந்ததா? கட்டி வைத்திருந்தால் அவன் வீட்டுக்குப் போவான். கையில் இருந்திருந்தால் கொலை வழக்கு. போலீஸ் சொன்ன காரணம், மச்சானுக்கும் மச்சினனுக்கும் முந்தைய வாரம் நடந்த வாய்ச்சண்டை.

நான் போடிக்காரி. இறந்தவர் குடும்பத்தையும் தம்பி குடும்பத்தையும் எனக்குத் தெரியாது. அதை எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் பொட்டலங்களைப் பிரித்தேன்.

நீலப் பஞ்சிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் வழக்கும் அதிலிருந்துதான் தொடங்கியது. வெடிமருந்து எரிந்தால் நைட்ரேட்டும் நைட்ரைட்டும் மிஞ்சும். அமிலத்தில் கரைத்த ஒரு மருந்தை அதன்மேல் விட்டால் நீலம் வரும். முன்காலத்தில் உருக்கிய மெழுகைக் கையில் ஊற்றி, ஆறியபின் உறைபோல் உரித்து, அதில் இந்தச் சோதனையைச் செய்தார்கள். மெழுகு போய்ப் பஞ்சு வந்தது. நீலம் மாறவில்லை. இதில் உள்ள கோளாறு, உரத்துக்கும் அதே நீலம் வரும் என்பது. புகையிலைக்கும் வரும். ஏலச்செடிக்கு உரத்தைக் கையால் அள்ளி வைக்கிற மலையில் யார் கையைத் துடைத்தாலும் வரும்.

வேலையில் சேர்ந்த புதிதில் இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். ராசிங்காபுரத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஒரு விடுமுறையில் அவர் உரம் வைத்துவிட்டு வந்து கை கழுவிச் சாப்பிட்டு முடித்தபின் உள்ளங்கையைப் பஞ்சால் துடைத்து எடுத்துப் போனேன். ஆய்வகத்தில் அது அப்பட்டமான நீலம். போனில் சொன்னபோது அவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

“இங்க வாடி. ஒம்மக என்னைய உள்ள வைக்கப் போறாளாம்.”

“வைக்கட்டும். அங்கயாவது கையச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுவாங்க” என்றாள் அம்மா.

இந்த வழக்கிலும் அந்த நீலத்துக்கு அதற்குமேல் மதிப்பில்லை. எனவே அடுத்த முறைக்குப் போனேன். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து, வடிகட்டி, அந்த நீரைக் கருவியில் சூடேற்றி ஆவியாக்கினால், அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று ஒளியை உறிஞ்சும் அளவை வைத்துச் சொல்லிவிடலாம். நாங்கள் தேடுவது மூன்று: ஈயம், பேரியம், ஆண்டிமனி. தோட்டாவின் அடியில் உள்ள தீப்பொறி மருந்திலிருந்து இவை வரும். தம்பியின் கைகளில் பேரியம் நிறைய இருந்தது. மற்ற இரண்டும் இல்லை என்று சொல்லும் அளவில்தான் இருந்தன. இந்த முறைக்கு எடை தெரியும், இடம் தெரியாது. குழம்பைக் கரைத்துப் பார்த்து உப்பு இவ்வளவு என்று சொல்லலாம். யார் போட்ட உப்பு என்று சொல்ல முடியாது.

பேரியம் எங்கிருந்து வந்தது என்று காவல்துறை அனுப்பிய தாள்களில் எதுவும் இல்லை. மேலே நான்காவதாக நான் எழுதியிருப்பது அவற்றில் இல்லவே இல்லை. அந்த வாரம் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் அம்மா சொன்னாள். மலையில் குண்டடி பட்டுச் செத்தவரை எங்கள் தெரு வழியாகத்தான் கொண்டுபோனார்களாம். மச்சினன்காரன் அழுதுகொண்டே சரம் சரமாகக் கொளுத்திப் போட்டானாம். “வாசல் பூராவும் காயிதம். கூட்டி அள்ள முடியல.” எங்கள் பக்கத்தில் வெடி இல்லாமல் பிணம் எடுப்பது மரியாதைக் குறைவு. பாடை கட்டுகிறவர், தூக்குகிறவர், வெடி போடுகிறவர் என்று உறவுக்குள்ளேயே ஆள் இருக்கும். பச்சைப் பொறிக்கும் வெள்ளைப் பொறிக்கும் பட்டாசில் பேரிய உப்பு சேர்ப்பார்கள். கைது செய்யப் போகிற ஆளை, இறுதிச் சடங்கு முடியட்டும் என்று இரக்கப்பட்டு விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த இரக்கத்தில் அவன் கைகளால் இனி எதற்கும் சாட்சி சொல்ல முடியாமல் போனது.

அம்மா சொன்னதை அறிக்கையில் எழுத முடியாது. மாதிரி எடுக்குமுன் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட தம்பி, வெடி கொளுத்தினாரா, குளித்தாரா என்று எழுத்தில் கேட்டேன். இரண்டுக்கும் ஆமென்று எழுத்தில் பதில் வந்தது.

மூன்றாவது முறைதான் எங்கள் துறையில் எல்லோரும் நம்புவது. ஒட்டும் தாள் பதித்த சிறு உலோகப் பொத்தானால் கையையோ துணியையோ தொட்டுத் தொட்டு எடுத்து, அதை மின்னணு நுண்ணோக்கிக்குள் வைப்போம். கண்ணுக்குத் தெரியாத துகள் ஒவ்வொன்றின் வடிவமும் அதற்குள் இருக்கும் தனிமங்களும் திரையில் வரும். ஈயமும் பேரியமும் ஆண்டிமனியும் ஒரே உருண்டைக்குள் உருகிச் சேர்ந்திருந்தால் அது துப்பாக்கியிலிருந்து வந்தது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பட்டாசுத் துகள் வேறு மாதிரி இருக்கும். பொட்டாசியம், கந்தகம், குளோரின், அலுமினியம், பேரியம்.

பொத்தானை உள்ளே வைத்த அன்று அந்த மூன்றும் சேர்ந்த உருண்டை ஒன்றுகூட வரவில்லை. துப்பாக்கியைப் பரிசோதித்த சக ஊழியர் என் மேசைக்கு வந்தார். என்னைவிட அனுபவம் கூடியவர். கிண்டல் இல்லாமல் பேசத் தெரியாதவர்.

“என்னம்மா, ஒங்க ஊரு உருண்டை கெடைச்சிதா?”

“இல்ல சார்.”

“கெடைக்காது. தோட்டாவே இல்லையே. குழல்ல மருந்தக் கொட்டி இடிச்சிருக்காங்க. மருந்து எங்கேர்ந்து? பட்டாசப் பிரிச்சு. பத்த வைக்க என்ன? பொட்டு வெடி. குண்டு? சைக்கிள். ஒங்க ஊர்ல சைக்கிள் ஓட்டுறதுக்குன்னு தனியா ஏதாச்சும் வச்சிருக்காங்களா?”

நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதன் பொருள் அப்போதே உறைத்துவிட்டது. இந்தத் துப்பாக்கி கக்குவதும் பட்டாசு கக்குவதும் ஒரே மருந்து. ஈயக் குண்டாக இருந்திருந்தால் ஈயமாவது தேய்ந்து வந்திருக்கும். இவை எஃகு. நான்காவதாக ஒரு வழி உண்டு, தோட்டா மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் கரிமப் பொருட்களைத் தேடுவது. கரிமருந்தில் அவற்றைச் சேர்ப்பதில்லை. விலை குறைந்த முறையிலிருந்து விலை கூடிய முறை வரை எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து நின்றன. இந்தக் கைகள் வெடி கொளுத்தியிருக்கின்றன, துப்பாக்கி பிடித்தனவா என்று சொல்ல முடியாது.

கைகளை அத்தோடு விட்டுவிட்டு இறந்தவரின் துணிப் பொட்டலத்தை எடுத்தேன். அதில் ஒரு சட்டை, ஒரு கைலி, ஒரு ஸ்வெட்டர். மூன்றும் இறந்தவருடையவை என்று சீட்டில் இருந்தது. சட்டையின் நெஞ்சில் குண்டு துளைத்த ஓட்டைகள். சுற்றிலும் கரி இல்லை, ஆகவே கைக்கெட்டும் தூரத்திலிருந்து வெடித்ததில்லை. பிடித்துச் சுட்டாலும் கட்டி வைத்து வெடித்தாலும் அப்படி இருக்கும். ஸ்வெட்டரை விரித்தேன். அரக்கு நிறக் கம்பளி, முன்பக்கம் முழுக்க இரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. இரத்த வாடைக்கு அடியில் ஏலக்காய் வாசனை. மழைக்காலத்தில் மலையில் துணி காயாது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தட்டுகளுக்கு மேலே கொடி கட்டிப் போட்டுவிடுவார்கள். மலையில் வேலை செய்கிறவர்கள் ஏறிய பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வாசனை தெரியும். வாசனையை நாங்கள் அறிக்கையில் எழுதுவதில்லை.

ஸ்வெட்டரில் ஓட்டை இல்லை. வெளிச்சத்தில் பிடித்து இழை இழையாகப் பார்த்தேன், இல்லை. சட்டையைத் துளைத்த குண்டு மேலே போட்டிருந்த ஸ்வெட்டரைத் துளைக்காமல் வராது. சுடப்பட்டபோது இறந்தவர் இதைப் போட்டிருக்கவில்லை.

மறுபடி எழுத்தில் கேட்டேன். ஜீப் ஓட்டுநரிடம் விசாரித்து விடை அனுப்பினார்கள். மச்சானுக்குக் குளிர் எடுத்தது, தம்பி தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்தினான். மருத்துவமனையில் உடலோடு சேர்த்து அதையும் கட்டிவிட்டார்கள். ஆக, தம்பியின் ஸ்வெட்டர் அன்று மாலையே அவனைவிட்டுப் போய்விட்டது. ஊர்வலத்தில் அது இல்லை. அதில் பட்டாசு மருந்து விழ வழியில்லை. அவன் வெடி போடுமுன் எப்படி இருந்தான் என்பதற்கு மிஞ்சியிருந்த பொருள் அது ஒன்றுதான்.

அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்தபோது அரக்கு நிறம் வெளிறிப் போய்க் கரிமட்டும் கறுப்பாக நின்றது. வலது தோளிலும், கழுத்துப் பட்டியின் வலது ஓரத்திலும், இடது மணிக்கட்டு விளிம்பிலும் இருந்தது. முதுகில் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் கம்பளி இழைகளுக்குள் பாதி எரிந்த மருந்துக் கட்டிகள், பொட்டு வெடியின் துணுக்குகள். இந்த வகைத் துப்பாக்கியில் பொட்டு வெடி முகத்துக்கு அருகில் வெடிக்கும், பிடித்திருப்பவர் தோளில் பின்னுக்குத் தெறிக்கும். அதே துப்பாக்கியை, அதே மாதிரிக் கம்பளி போர்த்திய பொம்மைத் தோளில் பொருத்திச் சுட்டுப் பார்த்தோம். சக ஊழியர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, “எழுதிரும்மா” என்றார்.

எழுதினேன். கைகளின் மாதிரியிலிருந்து எதுவும் கூற இயலாது. ஸ்வெட்டரில் உள்ள படிவு, இத்தகைய துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டவரின் உடையில் விழும் படிவோடு ஒத்திருக்கிறது. அது என்று படிந்தது எனக் கூற இயலாது. இந்தக் கடைசி வரி சடங்குக்காக எழுதியது அல்ல. துகளுக்குத் தேதி கிடையாது.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்து என்னைச் சாட்சிக்கு அழைத்த அன்று தாழ்வாரத்துப் பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். மடியில் தூக்குவாளி, அதன்மேல் மடக்கிய குடை.

“எந்த ஊரு ஆத்தா?”

“போடிதான்க்கா.”

“அட, நம்ம ஊருப் பிள்ள. இவங்க வெரசா கூப்பிடுவாங்களா, இல்ல போன தடவ மாதிரி பொழுது சாய உக்கார வச்சு அனுப்பிருவாங்களா? வாளில சோறு இருக்கு. தம்பிக்குக் குடுக்க விடமாட்டேங்குறாக. நானே திங்கணும் போல.”

நான் ஏதோ சொன்னேன். அவள் கேட்பதற்காகப் பேசவில்லை, பயத்துக்காகப் பேசினாள்.

“தம்பியோட வக்கீலு நாலே நாலு வார்த்த சொல்லிக் குடுத்திருக்காரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, அதுக்கு மேல வாயத் தொறக்காதங்குறாரு. அஞ்சாவதா ஒண்ணு நானே சொல்லப் போறேன். அவருக்குத் தெரியாது.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எந்தம்பி சொட்டருல வேட்ட மருந்து இருக்காம். என்னமோ அவென் தெனமும் துப்பாக்கியத் தூக்கிட்டுத் திரிஞ்ச மாதிரி. முந்தின நாளு நாந்தேன் அதத் துவைச்சுப் பிழிஞ்சு ஸ்டோருல காயப் போட்டுக் குடுத்தேன். அதுல மருந்து இருந்தா எங்கண்ணுக்குத் தெரியாதா? எம்புருசனப் பறிகொடுத்துட்டு நிக்கிறவ சொல்றேன், அவென் அப்படிப்பட்டவன் இல்ல.”

அவள் யார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் சொன்னது எதைச் செய்யும் என்பதும் தெரிந்தது. தம்பிக்கு மிஞ்சியிருந்த வழி என் அறிக்கையின் கடைசி வரி ஒன்றுதான். மருந்து என்றோ படிந்தது, என்றோ ஒரு நாள் பன்றியை விரட்டியபோது என்று அவன் வக்கீல் சொல்லலாம். முந்தின நாள் துவைத்த ஸ்வெட்டர் என்றால் அந்த என்றோ ஒரு நாள் இல்லாமல் போகும்.

“அக்கா, நானும் இதே வழக்குக்குத்தான் வந்திருக்கேன். இதப் பத்தி நாம பேசக் கூடாது.”

“நீங்க என்ன சாட்சி?”

“ஆய்வகத்துலேர்ந்து.”

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “அப்ப நீங்க பாத்திருப்பீங்கள்ல. கட்டி வச்ச துப்பாக்கிதான?”

“உள்ள கேட்டாத்தான் நான் சொல்லணும்க்கா.”

“சரி ஆத்தா. ஞாயமாச் சொல்லு, போதும்.”

என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெஞ்சிலிருந்து எழுந்து வேறு இடத்துக்குப் போவதற்குக்கூட நேரமில்லை.

கூண்டில் என் முறை சுருக்கமாக முடிந்தது. எதிரியின் வக்கீல் கைகளைப் பற்றி மகிழ்ச்சியோடு நிறையக் கேட்டார். பிறகு ஸ்வெட்டருக்கு வந்தார். இந்த மருந்து என்றைக்குப் படிந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. ஒரு மாதம் முன்னால் படிந்து அப்படியே இருந்திருக்கலாமா? இருந்திருக்கலாம், துவைக்காமல் இருந்தால். அந்தப் பின்பாதி இல்லாமல் பதில் முழுமையாகாது. எந்த வழக்கிலும் அந்தக் கேள்விக்கு நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நீதிபதி அதைச் சொல்லி எழுதவைத்தார். வக்கீலுக்கு அந்தப் பின்பாதி காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. திருப்தியோடு உட்கார்ந்தார்.

என் சாட்சி முடிந்ததால் பின்வரிசையில் உட்கார எனக்குத் தடையில்லை. அடுத்து அவளை அழைத்தார்கள். அரசுத் தரப்பில் ஸ்வெட்டரைக் காட்டி இது யாருடையது என்று கேட்டார்கள். இரத்தத்தைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்தம்பியோடது என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“அய்யா, ஒண்ணு சொல்லணும். அதுல ஒண்ணும் கெடையாது. முந்தின நாளு நாந்தேன் துவைச்சேன்.”

தம்பியின் வக்கீல் பாதி எழுந்தார். “கேட்டதுக்கு மட்டும்...”

“சொல்ல விடுங்க” என்றார் நீதிபதி. “எப்போ துவைச்சீங்க?”

அவள் விவரமாகச் சொன்னாள். சோப்பு, ஸ்டோர், கொடி, மறுநாள் காலையில் தம்பி அதைப் போட்டுக்கொண்டு மச்சானோடு வேலைக்குக் கிளம்பியது. தட்டச்சு ஓசை நிற்கும்வரை காத்திருந்து அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். முடித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். உதவி செய்துவிட்ட முகம். தம்பி தலையை நிமிர்த்தவில்லை. அரசு வக்கீல், வேறு கேள்வி இல்லை என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் தம்பியின் வக்கீல் அவளைப் பிடித்துக்கொண்டார். நான் படியிறங்கும்போது கேட்டது.

“யாரு உன்னையத் துவைச்ச கதையெல்லாம் சொல்லச் சொன்னா?”

“துவைச்சது குத்தமா அய்யா?”

அவர் விளக்கினார். அவள் இரண்டாம் முறை விளக்கச் சொன்னாள். பேருந்து நிலையத்தில் போடி பஸ்ஸுக்கு நின்றபோது அவளும் வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய் நின்றுகொண்டாள்.

இதற்குப் பின் நடந்ததை வேறொரு வழக்கின் பொட்டலங்களோடு ஆய்வகத்துக்கு வந்த காவலர் சொன்னார். சாட்சிகள் முடிந்து, உன்மேல் சொல்லப்பட்டவற்றுக்கு என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்டபோது, தம்பி தான்தான் சுட்டதாகச் சொல்லிவிட்டானாம். மூட்டத்தில் செடி அசைந்தது, பன்றி என்று நினைத்தேன், மச்சான் மேல்பக்கமாகப் போயிருப்பதாக எண்ணினேன் என்றானாம்.

இப்போதைய நிலை இது. துப்பாக்கி அவன் கையில் இருந்தது என்பதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை. வேண்டுமென்று சுட்டானா, தவறிச் சுட்டானா என்பதுதான் மிச்சம். அதைச் சொல்லும் சோதனை எங்களிடம் இல்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை, அவன் சிறையில் இருக்கிறான். அவள் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் புருஷனின் போடி வீட்டில் இருக்கிறாள். அங்கிருந்து தினமும் ஜீப்பில் மலைக்கு வேலைக்குப் போகிறாள். தம்பியைப் பார்க்க அவள் ஒரு முறைகூடப் போகவில்லை என்று அம்மா சொல்கிறாள்.